வெடித்துவிட்டது என்னும் வினைமுற்று

"மூளையில நரம்பு வெடிச்சிடுச்சு." செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒருவர் இரத்தக்கசிவுப் பக்கவாதத்தால் விழுந்தால், செய்தி ஊருக்குள் இந்த ஒரே வாக்கியமாகத்தான் வந்து சேர்கிறது. கூடுவாஞ்சேரித் தேநீர்க் கடையிலும் பொத்தேரி ரயில் நிலைய நடைமேடையிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பொத்தேரி நிலையத்தில் இறங்குபவர்களில் ஒரு பாதி முதுகுப்பை சுமந்த மாணவர்கள். இன்னொரு பாதியில் பலர் கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையோடு இறங்குகிறவர்கள். 2005இல் அங்கே எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, பல்கலைக்கழகத்து ஊர் நோயாளிகளின் ஊராகவும் ஆயிற்று. ஆகவே நோயைப் பற்றிய பேச்சு அந்த நடைமேடையில் எப்போதும் இருக்கும்.

அந்த வாக்கியத்தில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. முதலாவது சிறியது. வெடித்தது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். ஆனால் இதற்காக மக்களைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் 'நரம்பு' என்ற சொல் மிகப் பழைய காலத்திலிருந்தே பல வேலைகளைச் செய்துவந்திருக்கிறது. யாழின் தந்தி நரம்பு, தசையைப் பிணைக்கும் நாண் நரம்பு, புறங்கையில் புடைத்துத் தெரியும் நீலக் குழாய் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு. உணர்வைக் கடத்தும் இழைக்கு மட்டும் அதை ஒதுக்கிவைத்தது நேற்றைய பாடநூல். தமனி, சிரை, நாளம் என்று பாடநூல் பிரித்துக் கொடுத்த சொற்கள் தேர்வு எழுதியதும் மறக்கப்படுகின்றன. போகட்டும்.

இரண்டாவது மனக்குறைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அது 'வெடித்துவிட்டது' என்ற வினைமுற்றைப் பற்றியது. 'விடு' என்னும் துணைவினை தமிழில் என்ன செய்யும் என்பது வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதுதான். செயல் முற்றுப்பெற்றது, இனி மீட்க வழியில்லை என்ற தொனியை அது கொண்டுவரும். வண்டி போய்விட்டது, பால் பொங்கிவிட்டது, கண்ணாடி உடைந்துவிட்டது. 'வெடித்துவிட்டது' என்று சொன்ன கணத்தில் நோய் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. எல்லாம் செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு நடந்து முடிந்தது. இனிப் பிழைப்பதும் பிழைக்காததும் விதி. இந்த இலக்கணம்தான் தவறு என்கிறேன். மூளைக்குள் இரத்தம் கசிவது நோயின் முதல் அத்தியாயம் மட்டுமே. அதற்குப் பிறகு பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில், உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் அழற்சி. அதைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் மூன்றாம் நாளில் எடுக்கப்படும் முடிவுகள் பல, தவறான நாளில் எடுக்கப்பட்ட முடிவுகளாகிவிடுகின்றன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த பிழை அல்ல. கிரேக்கர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயருக்கு 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்றே பொருள். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரோக்' என்பதும் அடிதான். நாமும் 'வாதம் அடித்தது' என்கிறோம். எங்கிருந்தோ வந்து விழுந்த ஓர் அடி என்றே மனிதர்கள் எங்கும் இதைக் கண்டிருக்கிறார்கள். அந்த அடி மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவாலும் வரலாம் என்று பிணங்களை அறுத்துப் பார்த்து ஜொஹான் யாக்கோப் வெப்ஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் எழுதியது 1658இல். உயிருள்ளவரின் மண்டைக்குள் கசிவா அடைப்பா என்று பார்த்துச் சொல்லும் கருவி வர அதற்குப் பின் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேனில் படமானது 1971இல்.

பிரபலங்களின் கதைகளும் இந்த 'அடி' என்ற எண்ணத்தையே வளர்த்தன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மதியம் கடுந்தலைவலி என்று சொன்னார். சில மணி நேரத்தில் இறந்துபோனார். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இஸ்ரேலின் ஏரியல் ஷரோன் 2006 ஜனவரியில் மூளை இரத்தக்கசிவால் வீழ்ந்தார். 2014 ஜனவரி வரை, எட்டு ஆண்டுகள், நினைவின்றிக் கிடந்தார். அந்த எட்டு ஆண்டுகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை. இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் நம் அப்பாக்களும் அத்தைகளும் இருக்கிறார்கள்.

நடப்பதை முடிந்தவரை எளிய தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். பக்கவாதம் இரண்டு வகை: அடைப்பினால் வருவது, கசிவினால் வருவது. உலக அளவில் மூளைத்திசுக்குள் கசியும் வகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆனால் கொடியது அதுதான். ஒரு மாதத்துக்குள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இறக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஆண்டுக்கணக்காகக் கவனிக்கப்படாத இரத்த அழுத்தம். மூளையின் அடியாழத்துக்குச் செல்லும் மயிரிழை போன்ற குழாய்கள் அந்த அழுத்தத்தில் நைந்து ஒருநாள் விரிசல் விடுகின்றன. முதல் சில மணி நேரத்தில் கசிவு கூடிக்கொண்டே போகலாம்; ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படிக் கூடுகிறது. மண்டையோடு மூடிய பெட்டி. 30 மில்லி இரத்தம் என்பது ஒரு சிறு தேநீர்க் குவளையில் பாதிகூட இருக்காது. அந்தப் பெட்டிக்குள் அது பெரிய அளவு.

பிறகு கசிவு நிற்கிறது. இங்கேதான் குடும்பம் பெருமூச்சு விடுகிறது. ஆனால் கசிவை நிறுத்தியதே இரத்தம் உறைந்ததுதான். உறைவதற்கு உடல் பயன்படுத்தும் திராம்பின் என்ற பொருள், குழாய்க்கு வெளியே மூளைத்திசுவில் பரவும்போது நஞ்சைப் போலச் செயல்படுகிறது. மூளைக்குள் காவலுக்கு நிற்கும் சிறு செல்கள் உண்டு; மைக்ரோகிளியா என்பார்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்தேகா 1919இல் அவற்றைத் தனியே அடையாளம் கண்டார். அமைதிக் காலத்தில் அவை மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரத்தம் பட்டதும் கிளைகளைச் சுருக்கி, உருண்டு திரண்டு, அபாய ஓலம் எழுப்பும் வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. அந்த ஓலத்தைக் கேட்டு இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. முதல் நாளிலேயே தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைகின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை எழுப்பியிருந்த மதில் அவற்றின் வருகையால் மேலும் இடிகிறது. இடிந்த வழியே நீர் கசிந்து, உறைகட்டியைச் சுற்றி மூளை ஊறத் தொடங்குகிறது.

அதோடு முடியவில்லை. உறைந்த இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் நாள் செல்லச் செல்ல உடைகின்றன. அவற்றுக்குள்ளிருந்து ஹீமோகுளோபினும் அதிலிருந்து இரும்பும் வெளிப்படுகின்றன. முழங்காலில் அடிபட்டுக் கன்றிப்போன இடம் முதலில் கருநீலமாகவும் பிறகு பச்சையாகவும் பின்பு மஞ்சளாகவும் மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நிறமாற்றம் இதே வேதிவினைதான். தோலுக்கடியில் அது ஒரு வேடிக்கை. மூளைக்குள் விடுபட்ட இரும்பு பக்கத்திலிருக்கும் உயிரணுக்களைத் துருப்பிடிக்க வைப்பதைப் போல அரிக்கிறது. ஆகவே வீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் வேகமாக வளர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் கூடி, பலருக்கு இரண்டாவது வாரத்தில்தான் உச்சத்தைத் தொடுகிறது. செவ்வாய்க்கிழமை 6 மணிக்கு வெடித்தது, செவ்வாய்க்கிழமையோடு முடியவே இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த முரண். இப்படி அழிவு செய்யும் அதே காவல் செல்கள்தாம் பிறகு அந்த இரத்தத்தை விழுங்கிச் செரித்து, இடத்தைப் பெருக்கித் துடைத்து வைக்கின்றன. அவை இல்லாவிட்டால் குப்பை அப்படியே கிடக்கும். தீயும் அவைதான், தீயணைப்பும் அவைதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மருத்துவமனைகளில் குடும்பத்தாருக்குச் சொல்லப்படும் சொல் 'வீக்கம்'. "மூளையில வீக்கம் இருக்கு." தமிழில் வீக்கம் என்பது கணுக்காலுக்கும் வருவது, கன்னத்துக்கும் வருவது, கொசு கடித்தாலும் வருவது. அது விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த ஒரு பெண்மணி தம் அண்ணனிடம் தொலைபேசியில் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார்: "ரத்தம் நின்னுடுச்சுன்னுதானேண்ணா நேத்து சொன்னாங்க? இன்னைக்கு வீக்கம்ங்கறாங்க. அப்பா கீழகூட விழலையே, எங்கயும் அடிபடலையே, எப்படிண்ணா வீங்கும்? வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு சித்தப்பா சொல்றாரு." எந்த மருத்துவமனை என்று எனக்குத் தெரியாது. மருத்துவர்கள் திறமையாகவே பார்த்திருக்கவும் கூடும். ஆனால் அந்தக் கேள்வி மிகக் கூர்மையான கேள்வி. அடிபடாமல் எப்படி வீங்கும்? அதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியும், யாரும் சொல்லவில்லை.

'அழற்சி' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. 'அழல்' என்பதன் வழியாக வந்த சொல். ஐரோப்பியர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லின் வேரும் தீ மூட்டுவதுதான். ரோம எழுத்தாளர் செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இதன் குறிகளாகச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என நான்கைச் சொன்னார். கவனியுங்கள், வீக்கம் நான்கில் ஒன்றுதான். முழுமைக்குப் பெயர் தீ. நம் சித்த மருத்துவ மரபில் வளி, அழல், ஐயம் என்ற மூன்று உண்டு. குறளின் 'மருந்து' அதிகாரம் மூன்றை எண்ணும்போது வளியைத்தான் முதலில் வைக்கிறது. பக்கவாதம் என்ற பெயர் அந்த வளியிலிருந்து, வாதத்திலிருந்து வந்தது. பெயரில் வளியாக இருப்பது நடப்பில் அழலாக எரிகிறது என்று ஒரு தமிழாசிரியன் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். இது சொல் விளையாட்டுத்தான். பழைய மூன்றையும் இன்றைய உயிர்வேதியியலையும் முடிச்சுப் போடும் வேலைக்கு நான் வரவில்லை. முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவோர் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறார்கள். நான் சொல்வது, ஒரு கிழவிக்கும் உடனே புரியக்கூடிய உருவகம் இச்சொல்லிலேயே இருக்கிறது என்பதை மட்டும். "அடுப்பை அணைத்தாயிற்று. ஆனால் கங்கு கனன்றுகொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நாள் அந்தக் கனல் கூடும். நாம் காத்திருக்க வேண்டும்." இதைச் சொல்வதற்கு எந்த அகராதியும் தேவையில்லை.

சொல்லாவிட்டால் என்ன ஆகிறது? குடும்பத்தின் கணக்கு எளிமையானது. முதல் நாள் விழுந்தார். இரண்டாம் நாள் கசிவு நின்றது, கையைப் பிடித்தார், ஒரு வார்த்தை பேசினார். மூன்றாம் நாள் மறுபடி மயக்கம். ஆகவே வைத்தியம் பலிக்கவில்லை, ஆகவே முடிந்துவிட்டது, ஆகவே பணத்தைக் கொட்டுவதில் பொருளில்லை, கடைசி மூச்சாவது சொந்த வீட்டில் போகட்டும். 'சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று கையெழுத்துப் போடுகிறார்கள். இதைக் கல்நெஞ்சம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அடகு வைத்த நகையும் வட்டிக்கு வாங்கிய பணமும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் பணம் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. மூன்றாம் நாள் மோசமாகக் கூடும் என்பது முதல் நாளே தெரிந்திருந்தால், அதே கடன்காரக் குடும்பம் இன்னும் நான்கு நாள் பொறுத்திருக்கும். எதிர்பார்த்த சரிவு வேறு, எதிர்பாராத சரிவு வேறு.

மருத்துவ உலகம் இதை அறியாததல்ல. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மூளை இரத்தக்கசிவு நோயாளிகளில் இறப்பை நிர்ணயிக்கும் மிக முக்கியமான காரணிகளில் ஒன்று 'இனி பயனில்லை' என்று சிகிச்சையை விலக்கிக்கொள்வதே என்று காட்டியது. பிழைக்கமாட்டார் என்று சொல்லி மருத்துவத்தை நிறுத்துகிறோம். அவர் பிழைக்காமல் போகிறார். நாம் சொன்னது சரியாயிற்று என்கிறோம். தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் ஆரூடம் என்று அக்கட்டுரை இதற்குப் பெயர் வைத்தது. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, சிகிச்சையை விலக்கும் புதிய முடிவுகளை மருத்துவமனையில் சேர்த்த இரண்டாவது முழு நாள் கழியும் வரையாவது தள்ளிப்போடுவது தகும் என்கிறது. அது பணக்கார நாட்டு மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. நம் ஊரில் முடிவெடுப்பவர் மருத்துவர் அல்லர், சித்தப்பா. நெறி சித்தப்பாவுக்குத் தெரியவேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் அழற்சியை அணைக்க மருந்து இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அழற்சி என்றால் ஸ்டீராய்டு என்பது மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்த வழி. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் அண்டை நாட்டார்தான். பாங்காக்கில் 93 நோயாளிகளிடம் டெக்ஸாமெதசோனைக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டு, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை, மாறாக, நோய்த்தொற்றும் சர்க்கரையும் கூடின. சோதனையைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது. பிறகு, விடுபட்ட இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராக்சமின் என்ற மருந்தில் நம்பிக்கை வைத்தார்கள். விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. மனிதரில் செய்த பெரிய சோதனையின் முடிவு 2019இல் வந்தபோது, எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. வேறு சில மருந்துகள் சிறுசிறு சோதனைகளில் நம்பிக்கை தந்தன. மருத்துவமனை நடைமுறைக்கு எதுவும் வந்து சேரவில்லை. காரணம் நான் மேலே சொன்ன முரண்தான் என்று படுகிறது. காவலரையும் துப்புரவாளரையும் ஒரே அடியில் வீழ்த்தும் மருந்து, குப்பையை அள்ள ஆளில்லாமல் செய்துவிடும். எந்த நாளில், எதை, எவ்வளவு தணிப்பது என்பது இன்னும் பிடிபடாத நுட்பம்.

அறுவை சிகிச்சையைப் பற்றியும் ஒரு வரி. கட்டியை எடுத்துவிட்டால் அழற்சியே வராதே என்ற எண்ணத்தில் 2005இலும் 2013இலும் வெளியான பெரிய ஆய்வுகள் மண்டையைத் திறப்பதால் பொதுவாகப் பெரும் பயனில்லை என்றன. 2024இல்தான், சிறு துளை வழியே 24 மணி நேரத்துக்குள் உறைகட்டியை எடுப்பது மூளையின் மேற்பகுதிக் கசிவுகளில் பலன் தருகிறது என்று ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. அது நம் தாலுகா மருத்துவமனைக்கு வர நாளாகும்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் வந்த ஒரு முடிவைப் பற்றி நம் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம். 2023இல் வெளியான இன்டராக்ட்-3 என்ற ஆய்வு. பத்து நாடுகள், 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். அந்தப் பத்தில் ஒன்பது நாடுகள் பணமில்லாத அல்லது நடுத்தர நாடுகள். இந்தியாவும் இலங்கையும் அவற்றில் உண்டு. புதிய மருந்து எதையும் அவர்கள் சோதிக்கவில்லை. இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழ் கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை 37.5 பாகை செல்சியசுக்கு மேல் போகவிடாமல் பார்ப்பது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் விளைவை முறிப்பது. இந்த நான்கையும் ஒன்றாக, உடனடியாகச் செய்தார்கள். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிச் செய்யப்பட்டவர்களின் நிலை மேம்பட்டிருந்தது, இறந்தவர் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. காய்ச்சல் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பாகைச் சூடும் உள்ளே எரிவதற்கு விறகு. நெற்றியில் கை வைத்துப் பார்த்துச் செவிலியரை அழைக்க யாரால் முடியும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளால்.

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று வள்ளுவர் கணக்கிடும்போது நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் சொல்லிவிட்டு, நான்காவதாக உழைச்செல்வானைச் சேர்க்கிறார். அருகிருந்து வேண்டியதைச் செய்பவர். உரைகாரர்களிடையே நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. அதற்குள் இப்போது போகவேண்டாம். அருகிருப்பவரும் மருத்துவத்தின் ஓர் உறுப்பு என்பதே எனக்குப் போதும். நம் மருத்துவமனைகள் அந்த உறுப்பை 'அட்டெண்டர்' என்று அழைத்து, பார்வை நேரம் முடிந்ததும் வெளி வராந்தாவில் உட்காரவைத்துவிடுகின்றன. அவருக்குத் தெரிவிக்கப்படுவது கட்டவேண்டிய தொகை, கையெழுத்திடவேண்டிய இடம்.

"இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது, சொற்கள் இல்லை" என்று ஒரு பதில் எப்போதும் வரும். இதைக் கேட்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்து மானிப்பாய் நினைவுக்கு வருகிறது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் அங்கே வந்தார். தமிழ் படித்தார். தம் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தடித்தடியான நூல்களை மாணவர்களின் துணையோடு தமிழாக்கி அச்சிட்டார். அவற்றின் நடை இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றும், வடசொற்கள் மிகுதி. ஆனால் உடலைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தமிழில் சுட்டிக்காட்ட முடியும் என்று அவர் நிரூபித்து 150 ஆண்டுகள் ஆகின்றன. அந்த மானிப்பாய் இருக்கும் இலங்கையும் நம் நாடும் சேர்ந்து பங்கேற்ற ஆய்வின் முடிவை ஒரு மகளிடம் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால், குறை மொழியில் இல்லை.

மருத்துவப் படிப்பு முழுவதையும் தமிழில் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. அது வேறு விவாதம், அதில் எனக்கே ஐயங்கள் உண்டு. நம் தனித்தமிழ் நண்பர்களிடமும் ஒரு சொல். சொல்லாக்கக் குழு அமைத்து நூறு கலைச்சொற்களை அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஒருவகை 'விட்டது'தான். அழற்சி என்ற சொல் பல பத்தாண்டுகளாகப் பாடநூலில் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு அது வரவில்லை. இளம் மருத்துவர் நாற்பது நோயாளிகளைப் பார்த்துக் களைத்திருக்கிறார் என்பதும் உண்மை. ஆகவே அச்சிட்ட அரைப்பக்கத் தாள் போதும் என்கிறேன். விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரத்துக்காக 2021இல் இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில் ஓர் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. மணிக்கணக்கு என்ற எண்ணம் அதனால் மக்களுக்குப் புரிந்தது. கசிவு நோய்க்கு நாட்கணக்கு என்ற எண்ணம் புரியவேண்டும். நோயே வராமல் இருக்க அழுத்த மாத்திரையை நிறுத்தாமலிருப்பதைவிட வழியில்லை. அதே 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாங்கி டப்பாவில் போட்டுவைப்பவர்களை நான் அறிவேன். அது இன்னொரு கட்டுரைக்குரிய கோபம்.

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தேன். நரம்பியல் மருத்துவரான நண்பர் ஒருவர் வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் விளக்கினார். பிறகு ஆளுக்கு அரைப்பக்கம்: வாசலில் காத்திருப்பவர் படிக்கவேண்டியது. பலர் சொற்பொழிவு எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தார்:

"உங்கள் உறவினரின் மூளையில் ஓர் இரத்தக் குழாய் கசிந்திருக்கிறது. கசிவு நின்ற பிறகும் அங்கே தேங்கிய இரத்தத்தைச் சுற்றி அழற்சி உண்டாகும். அடுப்பு அணைந்த பின் கங்கு கனல்வது போல. இரண்டாம், மூன்றாம் நாளில் அவர் இன்றைவிடச் சோர்ந்து தெரியலாம். அப்படித் தெரிந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். அதைக் கண்டு எல்லாம் முடிந்தது என்று முடிவு செய்யாதீர்கள். அவருக்கு உடம்பு சுட்டால், உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும்."

நண்பர் படித்தார். கடைசி வரியில் பேனாவை வைத்து 'வடிந்துவிடும்' என்பதை அடித்து, 'வடியத் தொடங்கலாம்' என்று திருத்தினார். மாணவிக்கு முகம் வாடியது. "அப்போ உறுதியா ஒண்ணுமே சொல்ல முடியாதா சார்?" என்றார். அவர் தாளை மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வரியின் கீழே ஒரு கோடு இழுத்தார். "இது உறுதிம்மா. இதைப் பெரிய எழுத்துல போடு."